மண்ணெண்ணெய் அடுப்பின் வைத்தியம்

நீதிமன்றங்களுக்கும் சட்டத்தரணிகளின் கறுப்பு அங்கிகளுக்கும் பேர்போன கொழும்புப் புதுக்கடையில், வீதியை விட்டு ஒழுங்கைக்குள் திரும்பி, ஒருவர் பின் ஒருவராகவே நடக்கக்கூடிய, தோட்டங்கள் எனப்படும் குடியிருப்புகளின் நெருக்கமான வீடுகளுக்குள் எட்டிப் பார்ப்பவர், காஸ் சிலிண்டரும் மின்சார அடுப்பும் வந்து இத்தனை காலமான பின்னரும், குசினியின் மூலையிலோ கட்டிலின் அடியிலோ மண்ணெண்ணெய்க் குக்கர் ஒன்று பழைய சாக்கினால் மூடப்பட்டு ஓய்வு கொண்டிருப்பதைக் காணலாம். 2022ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணி வற்றி நாடு தவித்தபோது, காஸ் கிடைக்காமற்போகவே, அந்த ஓய்வு கலைந்தது. எரிபொருள் நிலையங்களின் முன்னால் கலன்களை வரிசையில் அடுக்கி, இரவு பகலாகக் காத்துநின்று அரும்பாடுபட்டுப் பெற்ற எண்ணெயை வீட்டுக்குக் கொண்டுவந்து ஊற்றியபோது, பல வீடுகளில் அடுப்பு எரியவே மறுத்தது. எரிந்த வீடுகளிலோ பானையைக் கரியாக்கிப் புகையைக் கக்கியது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில், லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் 340 ரூபாவாக உயர்த்தப்பட்டபின், எண்ணெயைக் குடித்துப் புகையைத் தருகின்ற அடுப்பு, ஏழைக் குடும்பத்துக்கு இரட்டைத் தண்டமாயிற்று.

அந்த அடுப்புகளில் பெரும்பாலானவற்றுக்குப் பெரிய வியாதி எதுவும் இருக்கவில்லை. மண்ணெண்ணெய் எவ்விதம் எரிகிறது என்பதைச் சற்று அறிந்து, சுவாலையின் நிறத்தையும் சப்தத்தையும் கவனிக்கப் பழகிய எவரும், ஒரு ஸ்பானரையும் ஒரு கத்தரிக்கோலையும் துணையாகக் கொண்டு, அவற்றை வீட்டிலேயே குணப்படுத்தியிருக்கலாம்.

முதற்கண் மனத்திற் கொள்ளவேண்டியது, மண்ணெண்ணெய் என்ற திரவம் எரிவதில்லை, அதன் ஆவியே எரிகிறது என்னும் தத்துவமாகும். பத்து முதல் பதினாறு வரையிலான கரி அணுக்கள் சங்கிலியாய்க் கோத்த பல பதார்த்தங்களின் கலவையே இந்த எண்ணெய். அது ஏறத்தாழ 150 பாகை சதமளவில் கொதிக்கத் தொடங்கி, 300 பாகைக்குள் முற்றாக ஆவியாகிவிடும். அந்த ஆவி போதிய காற்றோடு முன்கூட்டியே கலந்து எரிந்தால் சுவாலை நீலமாக இருக்கும். காற்றுக் குறைந்தால், எரியாத கரித்துகள்கள் அனலில் ஒளிர்ந்து மஞ்சள் நிறம் காட்டும். அத்துகள்களே பானையின் அடியில் குளிர்ந்து கரியாகப் படிகின்றன. வெளிச்சத்துக்கு மஞ்சள் சுவாலை நல்லது, சமையலுக்கு நீலமே நல்லது. மண்ணெண்ணெயினால் இயங்கும் சாதனம் எதுவாயினும், திரி வைத்த குக்கராயினும், காற்றடிக்கின்ற பித்தளை அடுப்பாயினும், யப்பானியரின் விசிறி பூட்டிய அறைச்சூடாக்கியாயினும், அது செய்யவேண்டிய காரியங்கள் இரண்டுதாம்: எண்ணெயை ஆவியாக்குதல், ஆவியைக் காற்றோடு கலத்தல். அதன் கோளாறுகள் யாவும் இவ்விரண்டில் ஒன்று தவறியதன் விளைவே.

திரிக் குக்கரில் ஆவியாக்கும் வேலையைப் பருத்தித் திரி செய்கிறது. நூல்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய வெளிகளின் வழியே எண்ணெய் தானாக மேலேறி, திரியின் நுனியில் உஷ்ணத்தால் ஆவியாகிறது. அவ்விதம் ஆவியாகும்போது அது உஷ்ணத்தைக் கவர்ந்துகொள்வதனாலேயே, நெருப்பின் நடுவில் நின்றும் திரி எரிந்துபோகாமல் நிலைக்கிறது. எண்ணெய் தீர்ந்த பின்பும் அடுப்பை எரியவிடுபவர் திரியையே எரிக்கின்றார். திரிகளுக்கு மேலே ஒன்றினுள் ஒன்றாக நிற்கும் துளைகளிட்ட தகரக் குழல்கள் அலங்காரத்துக்காக வைக்கப்பட்டவை அல்ல. அத்துளைகளின் வழியாகவே காற்று உள்ளே புகுந்து ஆவியுடன் கலக்கின்றது. குழல்கள் இளஞ்சிவப்பாகக் காய்ந்து, மேல் விளிம்பில் நீலச் சுவாலை சீராக நிற்குமாயின், அடுப்பு ஆரோக்கியமாக இருக்கிறது என்று கொள்ளலாம்.

சுவாலை ஒரு பக்கத்தில் மட்டும் மஞ்சளாக நீண்டு புகைந்தால், முதலில் குழல்கள் சரிவர அமர்ந்திருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். அரை விரற்கடை சாய்ந்திருந்தாலும் காற்று ஒரு பக்கம் மிகுந்து மறுபக்கம் குறைந்துவிடும். அவை செம்மையாக இருந்தால், குற்றம் திரிகளில் இருக்கும். எல்லாத் திரிகளும் ஒரே மட்டத்தில் நிற்கவேண்டும் என்பதும், கருகிய நுனியைப் பிய்த்தெடுக்காமல் கூரிய கத்தரிக்கோலால் நேராக வெட்டவேண்டும் என்பதும், புதுத்திரி இட்டால் அது எண்ணெயை முற்றாக உறிஞ்சும்வரை கால் மணி நேரமாவது பொறுத்திருந்து பின்னரே கொளுத்தவேண்டும் என்பதும், எங்கள் பாட்டிமார் எந்தப் புத்தகத்தையும் படியாமலே அறிந்திருந்த விதிகள். பால் பொங்கி வழிந்து குழலின் துளைகளை அடைத்துவிடுவது குசினிகளில் சகஜம். அவற்றைக் கம்பித் தூரிகையால் தேய்த்துத் தட்டி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், எத்தனை துளைகள் குருடாகிக் கிடக்கின்றன என்பது தெரியவரும்.

இவற்றிலும் அதிகமாக அடுப்பைக் கெடுப்பது நீர். கொழும்பின் கடற்காற்றில் ஈரம் மிகுதி. மூடி இறுக்கமில்லாத கலனிலும், பாதி காலியான தாங்கியிலும் அந்த ஈரம் இரவில் துளித்துளியாகப் படிந்து, எண்ணெயை விடக் கனமானதாகையால் அடியில் சேர்ந்துகொள்கிறது. சுவாலை படபடவென்று வெடித்து ஆடுமாயின், திரி எண்ணெயோடு நீரையும் இழுக்கின்றது என்பது பொருள். தாங்கியிலுள்ள எண்ணெயைத் தெளிந்த கண்ணாடிப் போத்தலில் வார்த்துச் சற்று நேரம் அசையாமல் வைத்தால், அடியில் நீர் தனிப்படலமாக நிற்பதைக் கண்ணாரக் காணலாம்; மேலுள்ளதை மட்டும் நிதானமாக வடித்தெடுத்து, துருப்பிடித்த தாங்கியைக் கழுவி வெயிலில் நன்கு காயவிட வேண்டும். நீர் ஊறிய திரி எண்ணெயைச் சரிவர இழுக்காது. முற்றாக உலர்த்தியும் தேறாத திரிகளை மாற்றிவிடுவதே இலாபம்.

இங்கே அபாயத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லியாக வேண்டும். திரவத்தின் மேற்பரப்பிலிருந்து எழும் ஆவி, ஒரு பொறி பட்டதும் பற்றிக்கொள்ளும் அளவுக்குச் செறிவடைகின்ற உஷ்ணநிலை ஒன்று உண்டு. மண்ணெண்ணெய்க்கு அது குறைந்தது 38 பாகை சதமளவாக இருக்கவேண்டும் என்பது நியமம். அந்த உஷ்ணநிலை பெற்றோலுக்குப் பூச்சியத்துக்கும் கீழே நாற்பது பாகையளவில் நிற்கிறது. ஆகவேதான் பெற்றோல் எப்போதும் அபாயகரமானது, மண்ணெண்ணெய் ஒப்பீட்டளவில் சாது. ஆயினும் குளிர்நாட்டாருக்கு அது எவ்வளவு சாதுவோ அவ்வளவு சாது அன்று நமக்கு: கொழும்பின் நண்பகல் உஷ்ணம் 32 பாகையைத் தொடும்போது, அந்த எல்லைக்கு எஞ்சியிருப்பது ஆறு பாகை மாத்திரமே. அடுப்பு எரிந்துகொண்டிருக்கையில் அதன் தாங்கி அந்த ஆறு பாகையைச் சுலபமாகத் தாண்டிவிடுகிறது. எரியும் அடுப்பில் எண்ணெய் ஊற்றாதே என்று பெரியோர் அதட்டுவதன் காரணம் இதுவே. பெற்றோல் இருந்த கலனைக் கழுவாமல் அதிலேயே மண்ணெண்ணெய் வாங்கி வந்தால், சிறிதளவு கலப்பே அந்த எல்லையை வெகுவாகக் கீழே இறக்கிவிடும். தட்டுப்பாட்டுக் காலத்தில் கையில் அகப்பட்ட கலனைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் இதனை நினைக்க நேரம் பெற்றிருக்கமாட்டார்கள்.

கவிழ்தல் மற்றோர் அபாயம். மின்சாரம் எட்டாத வீடுகளில் வெற்றுப் போத்தலில் எண்ணெய் ஊற்றித் திரியிட்டு எரித்த குப்பி விளக்குகள் கவிழ்ந்து தீக்காயம் பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, மார்மைற் போத்தலின் குள்ளமான வடிவத்தைக் கண்டு, கட்டையாகவும் கனமாகவும், கவிழ்ந்தால் உருண்டோடாதபடி இரு பக்கமும் தட்டையாகவும், திருகி மூடும் உலோக மூடியுடனும் ஒரு விளக்கை உருவாக்கினார். 1998ஆம் ஆண்டில் அவருக்கு ரோலெக்ஸ் பரிசு கிடைத்தது. அந்த விளக்கின் தத்துவம் குக்கருக்கும் பொருந்தும்: தரையில், சமமான இடத்தில், குழந்தைகளின் ஓட்டத்துக்கும் திரைச்சீலையின் அசைவுக்கும் அப்பால் வைக்கப்பட்ட அடுப்பைக் காட்டிலும் பத்திரமான அடுப்பு வேறில்லை.

இனி, காற்றடிக்கின்ற பித்தளை அடுப்புக்கு வருவோம். 1892ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டின் ஸ்டொக்ஹோம் நகரில் ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்குவிஸ்ட் என்ற மெக்கானிக் ஆக்கிய இவ்வடுப்பு, பிறைமஸ் என்ற பெயருடன் உலகெங்கும் பரவி, நான்சனோடு வடதுருவக் கடலுக்கும், அமுண்ட்சனோடு தென்துருவத்துக்கும், 1953இல் ஹிலாரியோடும் டென்சிங்கோடும் எவரெஸ்டுக்கும் சென்றது. அதே அடுப்பு, பனியைக் கனவிலும் கண்டிராத கொழும்புக் குசினிகளிலும் தேநீர்க் கடைகளிலும் அதே இரைச்சலோடு தேநீருக்கு நீர் கொதிக்க வைத்தது. திரி இதில் இல்லை. தாங்கியினுள் கைப்பம்பினால் காற்றை அடைத்தால், அந்த அமுக்கம் எண்ணெயைக் குழாய் வழியே மேலே தள்ளுகிறது. பர்னரின் வளைந்த குழாய்கள் முன்பே ஸ்பிரிட் எரித்துச் சூடாக்கப்பட்டிருப்பதனால், எண்ணெய் அவற்றுள் ஆவியாகி, நிப்பிள் எனப்படும் சிறு முனையின் துளை வழியே வேகமாகப் பீறிட்டு, போகும் வழியில் சுற்றியுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு நீலமாக எரிகிறது. எரியத் தொடங்கிய பின்பு, அந்தச் சுவாலையே குழாய்களைச் சூடாக வைத்திருக்கின்றது. தனக்கு வேண்டிய ஆவியைத் தானே சமைத்துக்கொள்ளும் இந்த உபாயத்தில்தான் அதன் கண்டுபிடிப்பாளனின் மேதை விளங்குகிறது.

கொளுத்தியவுடன் மஞ்சள் சுவாலை முழ உயரத்துக்கு எழும்பி முகட்டை நக்கப் பார்த்தால் அஞ்சவேண்டியதில்லை. பர்னரின் அடிக் கிண்ணத்திலிட்ட ஸ்பிரிட் போதாமையால் எண்ணெய் திரவமாகவே வெளிவந்துவிட்டது. காற்றுத் திருகைத் தளர்த்தி அமுக்கத்தை வெளியேற்றினால் அது அடங்கும். அடுப்பு ஆறியபின் ஸ்பிரிட்டைச் சற்றுத் தாராளமாக வார்த்து, அது முற்றாக எரிந்து முடியுந் தறுவாயில் மட்டுமே பம்பை அடிக்கவேண்டும். அவசரக்காரருக்கு இந்த அடுப்பு ஏற்றதல்ல.

பம்பை எத்தனை தரம் அடித்தும் கைக்கு எதிர்ப்பே தோன்றவில்லை என்றால், தண்டின் நுனியிலுள்ள கிண்ண வடிவத் தோல் வாசர் உலர்ந்து சுருங்கிவிட்டது. மாதக்கணக்காகக் கட்டிலின் அடியில் கிடந்த அடுப்புக்கெல்லாம் இதுவே முதல் நோய். தண்டைக் கழற்றி, தோலைத் தையல் மெசின் எண்ணெயில் ஊறவைத்து, விரலால் மெல்ல விரித்து, அதன் விளிம்பு கீழ்நோக்கி இருக்குமாறு திரும்பப் பூட்டினால், புதிது வாங்கும் செலவு மிஞ்சும். தோல் கிழிந்திருந்தால் பழைய சோனகத் தெருவின் இரும்புச் சாமான் கடைகளில் தேடிப்பார்க்கலாம். கிடையாவிடில், பழஞ்சப்பாத்தின் மிருதுவான தோலை வட்டமாக வெட்டி, நனைத்து, போத்தல் மூடியின்மேல் அழுத்திக் கிண்ண வடிவாக்கிக்கொள்ளலாம். இதற்கு மாறாக, பம்பின் பிடி தானாகவே மேலெழும்பி, பம்புக் குழலுக்குள் எண்ணெயும் ஏறிவந்தால், குழலின் அடியிலுள்ள சிறு வால்வு காற்றைத் திரும்பிவர விடுகின்றது. அதனுள்ளிருக்கும் தக்கையோ இறப்பரோ தேய்ந்திருக்கும். அதைக் கழற்ற நீண்ட சாவி ஒன்று வேண்டும். கையிற் கிடைத்த இடுக்கியால் நெம்பிப் பித்தளையை முறித்துவிடாமல், அந்த ஒரு வேலைக்கு மட்டும் தொழில் தெரிந்தவரிடம் போவது புத்திசாலித்தனம்.

நிப்பிளின் துளை ஒரு மில்லிமீற்றரில் மூன்றிலொரு பங்களவே விட்டமுடையது. ஒரு தூசு போதும் அதை அடைக்க. அப்போது இரைச்சல் தளர்ந்து, சுவாலை தாழ்ந்து, விட்டுவிட்டு எரியும். அதற்கென்றே விற்கும் நுண்ணிய கம்பிப் பின்னால் மேலிருந்து நேராக ஒருமுறை குத்தி எடுத்தால் போதுமானது. ஊசியைக் கொண்டு குடைபவர் துளையைப் பெரிதாக்கிவிடுகின்றார், பின்னர் ஆவி மிகுந்து காற்றுப் போதாமல் சுவாலை என்றென்றைக்கும் மஞ்சளாகவே எரியும். அந்த நிப்பிளுக்கு மருந்து இல்லை. துளை சுத்தமாயிருந்தும் சுவாலை பலவீனமாயிருந்தால், பல்லாண்டு எரிந்த கரி பர்னரின் குழாய்களுக்குள் இறுகியிருக்கும். பர்னரைத் தனியே கழற்றி, வேறோர் அனலில் செந்நிறம் வரக் காய்ச்சி, ஆறவிட்டுத் தட்டினால் கரி பொருக்குப் பொருக்காக உதிரும். திருகுமூடிகளிலும் மூட்டுகளிலும் காற்றுக் கசிகிறதா என்று அறிவதற்குச் சவர்க்கார நீரைப் பூசிக் குமிழி எழுகிறதா என்று பார்க்கவேண்டும். தீக்குச்சியைப் பிடித்துப் பார்ப்பவரும் உளர், அவர்களுக்குச் சொல்லும் புத்தி பயன்படாது. தாங்கியில் துவாரம் விழுந்தால், எண்ணெயை வடித்துவிட்டோம் என்ற தைரியத்தில் வீட்டிலே ஈயம் பற்றவைக்கத் துணியக்கூடாது: காலியான தாங்கியில் நிற்கும் ஆவி, நிறைந்த தாங்கியிலுள்ள எண்ணெயைவிடக் கொடியது.

கலியாண வீட்டையும் கோயில் வீதியையும் பகலாக்கிய பெற்றோமாக்ஸ் விளக்கு இந்த அடுப்பின் உடன்பிறப்பே ஆகும். அதிலும் எண்ணெய் அமுக்கத்தால் ஏறிச் சூடான குழாயில் ஆவியாகிறது. நீலச் சுவாலைக்குச் சொந்த ஒளி இல்லாமையால், அதன்மேல் மாண்டில் என்ற சாம்பல் வலையைத் தொங்கவிட்டு அதனை ஒளிரச் செய்கின்றனர். ஒஸ்திரிய விஞ்ஞானி அவுவர் ஃபொன் வெல்ஸ்பாக் கண்ட அந்த மாண்டிலில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தோரியம் ஒக்சைட்டும், ஒரு பங்கு சீரியம் ஒக்சைட்டுமே இருந்தன. இந்த இடத்தில் சற்றே வழிவிலகி, நம்மவர் ஒருவரைக் குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை. சேர் முத்துக் குமாரசுவாமியின் மைந்தரும், பிற்காலத்தில் இந்தியக் கலையின் பெரும் வியாக்கியானகர்த்தா என்று உலகம் போற்றியவருமான ஆனந்த குமாரசுவாமி, இளமையில் இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைவராக இருந்தபோது, 1904ஆம் ஆண்டளவில் சப்ரகமுவாப் பகுதியில் கிடைத்த கரிய கனமான சிறு கனசதுரப் படிகங்களை இனங்கண்டார். தோரியனைற் என்று பெயர்பெற்ற அக்கனிமம் தோரியம் மிகச் செறிந்தது. நடராஜ வடிவத்தின் நடனத்தை உலகுக்கு விளக்கிய அதே மனிதரின் கை, நம் திருவிழா விளக்குகளின் ஒளிக்கு மூலமான பதார்த்தத்தையும் தொட்டிருக்கிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பைத் தருவது. தோரியம் மெல்லிய கதிர்வீச்சு உடையதாகையால், உடைந்த பழைய மாண்டிலின் தூளை ஊதித் தட்டாமல், ஈரத்துணியால் துடைத்தெடுப்பது நலம்.

யப்பானியர் குளிர்காலத்தில் அறைகளைச் சூடாக்கப் பயன்படுத்தும் விசிறிச் சூடாக்கியில், இந்தப் பழைய காரியங்களெல்லாம் மின்சாரத்தின் ஆளுகைக்குள் வந்துவிட்டன. ஸ்பிரிட்டின் வேலையை மின்சாரச் சூடாக்கி செய்கிறது. கைப்பம்பின் இடத்தில் காந்தத்தால் துடிக்கும் சிறு பம்பு எண்ணெயை அளந்து அனுப்புகிறது. விசிறி வெப்பத்தை அறையெங்கும் பரப்புகிறது. ஆனால் சுவாலையைப் பார்க்கும் கண்? அதற்கும் அவர்கள் ஓர் உபாயம் வைத்திருக்கிறார்கள். எரியும் சுவாலையில் மின்னேற்றம் பெற்ற துணிக்கைகள் உண்டாவதனால், அது சிறிதளவு மின்சாரத்தைக் கடத்தும். நெருப்பினுள் நீட்டிய ஒரு கம்பியின் வழியே அம்மின்னோட்டத்தை ஓயாது அளந்து, அது குறைந்த கணமே சுவாலை கெட்டது என்று தீர்மானித்து யந்திரம் எண்ணெயை நிறுத்திவிடுகிறது.

இந்தக் கம்பியையே வினோதமான நோய் ஒன்று பீடிக்கிறது. கூந்தலுக்குத் தெளிக்கும் வாசனைத் திரவியங்களிலும் மெருகு தெளிப்பான்களிலும் உள்ள சிலிக்கோன், விசிறியால் இழுக்கப்பட்டு நெருப்பில் எரிந்து, வெண்ணிற மணற்படலமாகக் கம்பியின்மேல் படிந்துவிடும். மின்சாரம் அப்படலத்தைக் கடவாது. சுவாலை செம்மையாக எரிந்துகொண்டிருக்கும்போதே, அது அணைந்துவிட்டதென்று யந்திரம் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். மின்செருகியைக் கழற்றி, யந்திரம் முற்றாக ஆறியபின், கம்பியை நுண்ணிய உப்புத்தாளால் மெருகிட்டால் பெரும்பாலும் குணமாகும். மற்றைய பராமரிப்பெல்லாம் நம் குக்கரின் பராமரிப்புத்தான்: பின்புறத்து வலையிலே தூசு சேரவிடாதிருத்தல், தாங்கியின் வடியில் தங்கிய நீரையும் அழுக்கையும் அகற்றுதல், சென்ற பருவத்து எண்ணெயை இந்தப் பருவத்தில் ஊற்றாதிருத்தல். வெயிலிலும் காற்றிலும் நெடுநாள் இருந்த எண்ணெய் மஞ்சளித்து, ஆவியாக்கும் பாகத்தில் தாரைப் போன்ற பிசினாகப் படிந்துவிடும்.

அச்சூடாக்கி தான் எரித்த வாயுவை அந்த அறைக்குள்ளேயே விடுகிறது. ஒரு லீற்றர் எண்ணெய் முற்றாக எரிய ஏறத்தாழப் பத்துக் கன மீற்றர் காற்றிலுள்ள பிராணவாயு முழுவதும் செலவாகும். ஏறத்தாழ ஒரு லீற்றர் நீரும் ஆவியாக அறையில் பரவும். பிராணவாயு குறைந்த நெருப்பு, மணமும் நிறமும் அற்ற நச்சுவாயுவான கார்பன் மோனொக்சைட்டை உண்டாக்கும். ஆகையால் மணிக்கொரு தரமோ இருதரமோ யன்னலைத் திறந்து காற்றை மாற்றும்படி யப்பானியர் வற்புறுத்துகின்றனர். சாக்கடை நாற்றத்துக்காகவும் நுளம்புக்காகவும் யன்னலைச் சாத்திவைத்துக் குக்கர் மூட்டும் நம் தோட்டத்து வீடுகளுக்கு அந்த எச்சரிக்கை இன்னும் அதிகமாகப் பொருந்தும். கொழும்பில் இச்சூடாக்கிக்கு யாதொரு வேலையும் இல்லை. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கென்று எவராவது யப்பானிலிருந்து பாவித்த சூடாக்கியைக் கொண்டுவருவாராயின், அது 100 வோல்ட்டுக்கென்று செய்யப்பட்டது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். நம் நாட்டின் 230 வோல்ட் மின்சாரத்தில் நேராகச் செருகினால் அதன் மின்சுற்றுப் பலகை உடனே கருகிவிடும். மின்னழுத்தத்தை இறக்கும் மாற்றி ஒன்றை முதலில் வாங்கிக்கொண்டு, அதன் பின்பே எண்ணெயைத் தேடிப் போகலாம்.